ஓர் ஏரி, ஆறு பருவம்: நிக்கான் 200-500 லென்ஸுடன் ஓராண்டு

இந்த லென்ஸை நான் வாங்கியது ஓர் ஆவணி மாதத்தில். அடுத்த ஆவணி பிறக்கும்வரை இதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் பல, சுவரில் ஒட்டிய சோதனைத் தாளையும் மொட்டைமாடிக் காக்கையையும் படமெடுத்துவிட்டுத் தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. ஐப்பசி மழையின் மங்கிய வெளிச்சத்திலும், மார்கழிப் பனியிலும், அக்கினி நட்சத்திரத்து வெயிலிலும் ஒரு லென்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய அந்தந்தப் பருவம் வந்தாக வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

நிக்கான் ஏஎஃப்-எஸ் நிக்கார் 200-500 மி.மீ. எஃப்/5.6இ ஈடி விஆர் என்பது இதன் முழுப்பெயர். 2015-இல் வெளிவந்தது. உள்ளே 12 குழுக்களாக 19 கண்ணாடிகள். முக்காலிப் பட்டையோடு சேர்த்து எடை 2,300 கிராம். முகப்பில் மாட்டும் ஃபில்டரின் விட்டம் 95 மி.மீ. ஜூமின் இரு முனைகளிலும், ஒளி புகும் துளை எஃப்/5.6 என்ற அளவில் மாறாமல் நிற்பது இதன் சிறப்பு. அமெரிக்காவில் வெளியானபோது இதன் விலை ஏறக்குறைய 1,400 டாலர். அதே ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட 500 மி.மீ. எஃப்/4 லென்ஸின் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. மாதச் சம்பளக்காரர்களில் இத்தனை பேர் பறவைப் படக்காரர்களானதற்கு இந்த விலை வேறுபாடே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். நான் இதை நிக்கான் டி7200 கேமராவில் பொருத்திப் பயன்படுத்துகிறேன். அதன் சென்சார் சிறியது என்பதால் 500 என்பது 750 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தைத் தருகிறது.

படமெடுத்த இடம் மதுராந்தகத்துக்கு அருகே உள்ள ஒரு சிற்றேரி. பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. பெயர் வெளியே வந்த ஏரிக்கரைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கரையில் பனைகள், உள்ளே கருவேல மரங்கள், ஒரு மதகு, ஒரு கலங்கல், மறுபுறம் நெல்வயல். செங்கற்பட்டு மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஏரிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்த லென்ஸைப் பற்றிய மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கின்றன. கேமராவோடு சேர்த்து மூன்று கிலோ. கையில் தூக்கிப் பிடித்துப் பறவையைத் தொடர்வது முதல் பத்து நிமிடம் வீரமாகத்தான் இருக்கும். அதன் பிறகு இடது தோள் தன் கணக்கைக் கேட்கத் தொடங்கும். முதல் மாதம் ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இரண்டாம் மாதத்திலிருந்து மதகின் சுவரில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்காரத் தொடங்கினேன். பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, இரு முனையையும் தைத்து, உள்ளே அரிசி நிரப்பிச் சுவர்மேல் வைத்து அதன்மீது லென்ஸைச் சாய்த்தேன். மழைக்காலத்தில் அந்த அரிசியில் வண்டு வைத்துவிட்டது. பிறகு புளியங்கொட்டைக்கு மாறினேன். இன்றுவரை அதுவே உழைக்கிறது. முக்காலியைவிட அந்தப் பை எனக்கு வசதியாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: லென்ஸின் அடிப்பாதம் இன்று பரவலாக உள்ள அர்க்கா வகை முக்காலித் தலைகளில் நேரடியாகப் பொருந்தாது, தனியாக ஒரு தகட்டை வாங்கித் திருக வேண்டும்.

நடப்பவனைக் கண்டு பறந்துவிடும் பறவைகள், உட்கார்ந்திருப்பவனை அரைமணி நேரத்தில் மறந்துவிடுகின்றன. எடை குறைந்த லென்ஸாக இருந்திருந்தால் நான் இன்னும் நடந்துகொண்டேதான் இருந்திருப்பேன்.

கார்காலத்தில் ஏரியில் நீர் இல்லை. புல் மட்டுமே இருந்தது. பனை மட்டைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. ஆண்குருவி பாதிக்கூட்டைப் பின்னி முடித்ததும் அதில் தொங்கியபடி சிறகடித்துப் பெட்டையை அழைக்கிறது. பெட்டை வந்து பார்த்துப் பிடிக்காமல் போய்விட்டால் அந்தக் கூடு அப்படியே நின்றுவிடுகிறது. முழுமையடையாத அந்தக் கூடுகளை, வாசல் வைக்காத வீடுகளைப் போல, வரிசையாக எடுத்தேன். லென்ஸின் தெளிவு எனக்குப் புரிந்ததும் அங்கேதான். ஓலைநாரின் ஒவ்வொரு இழையும் எஃப்/5.6-இலேயே தனித்தனியே தெரிந்தது. துளையைச் சுருக்கிக் கூர்மை தேட வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசியில் தட்டான்கள் கூட்டங்கூட்டமாய் வந்தன. இந்த லென்ஸ் 2.2 மீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தத் தூரத்தில், 500-இல், என் கேமராவின் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் ஏறக்குறைய பதினோரு சென்டிமீட்டர்தான். புல்நுனியில் இறக்கை விரித்து உட்கார்ந்த தட்டான், சட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். மேக்ரோ லென்ஸ் என்றால் அதன் முகத்தருகே போக வேண்டும். இங்கே நான் ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் உட்கார்ந்திருக்க, அது தன் போக்கில் தலையைத் திருப்பித் திருப்பிக் கொசுவைத் தேடிக்கொண்டிருந்தது.

கூதிர்காலம் என்று பழையவர்கள் பிரித்த ஐப்பசியும் கார்த்திகையும் இந்த லென்ஸுக்குக் கடினமான தேர்வு. வடகிழக்குப் பருவமழை நின்று பெய்யும் நாட்களில் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணியின் வெளிச்சமே இருக்கும். எஃப்/5.6 என்பது அப்போது தாராளமான துளையே அல்ல. ஆண்டுதோறும் ஐப்பசியில் எங்கள் வீட்டுப் பின்புறத்து வாழைச்சருகுக்கு ஆறுமணிக்குருவி ஒன்று வருகிறது. கோடையை வடக்கே கழித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும் பறவை இது. விடியலிலும் அந்தியிலும் தவறாமல் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். பச்சை முதுகு, மஞ்சள் பழுப்பு மார்பு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு என்று இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு, வெளிச்சமே புகாத இடமாகப் பார்த்துத்தான் அது இரைதேடும். ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/80 நொடி. 750 மி.மீ. பார்வைக்கு 1/80 என்றால் கை நடுக்கத்தில் படம் கலைந்துவிட வேண்டும். ஆனால் விஆர் எனப்படும் அதிர்வுத் தணிப்பு இந்த லென்ஸில் உண்மையாகவே வேலை செய்கிறது. நாலரை நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்றால் ஒளி இரு மடங்கு) வரை ஈடுகட்டும் என்று நிறுவனம் சொல்வதை நான் அளந்து பார்க்கவில்லை. புளியங்கொட்டைப் பையின் துணையோடு பத்தில் நான்கு படங்கள் தேறின. மீதி ஆறு கலைந்ததற்குக் காரணம் என் கை அன்று. குருவி தலையைத் திருப்பியதுதான். பறவையின் அசைவை எந்த விஆரும் நிறுத்தாது என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

மழையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜூம் செய்யும்போது இந்த லென்ஸின் முன்பகுதி வெளியே நீளும். நீளும்போது காற்று உள்ளே போகிறது, சுருங்கும்போது வெளியேறுகிறது. மழைக்காலக் காற்று என்றால் ஈரமும் சேர்ந்தே போகிறது. கேமராவில் பொருந்தும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறது என்பதற்காக லென்ஸ் முழுவதும் மழையைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. நான் செய்த பிழை அதைவிடப் பெரியது: கார்த்திகையில் ஒரு நாள் நனைந்த துண்டோடு சேர்த்து லென்ஸைப் பையில் வைத்து, மூன்று வாரம் திறக்காமல் விட்டுவிட்டேன். தையில் கைவிளக்கைப் பின்புறம் பிடித்துப் பார்த்தபோது, உட்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போல வெண்மையாக ஒரு பூஞ்சை படர்ந்திருந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் பத்து நாள் என்று சொல்லி ஏழு வாரம் வைத்திருந்தார்கள். மாசியும் பங்குனியின் பாதியும் அப்படியே போயின. பூஞ்சை போய்விட்டது, அது இருந்த இடத்தில் மெல்லிய தழும்பு ஒன்று நிற்கிறது, படங்களில் தெரிவதில்லை. இப்போது காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மானியும் போட்டு, முள் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். கடற்கரை மாவட்டங்களில் இருப்பவர்கள் லென்ஸுக்கு ஒதுக்கும் பணத்திலேயே இதற்கும் சேர்த்து ஒதுக்கிவிடுவது நல்லது.

கடைக்குப் போகும் முன்பே முன்பனிக்காலம் எனக்கு வாய்த்துவிட்டது. மார்கழியில் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தது. வேடந்தாங்கல் இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம்தான். அங்கே நீரில் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடுகட்ட, எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸிடம், பறவைகளைச் சுடக் கூடாது என்ற உத்தரவை அவர்கள் கேட்டுப் பெற்றதும் அதனால்தான். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கூடுகட்டும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் இரைக்காக எங்கள் சிற்றேரி போன்ற பக்கத்து நீர்நிலைகளுக்கு வந்துபோகின்றன. சரணாலயத்துக் கரையிலிருந்து கூடுகளைப் படமெடுக்க 500 மி.மீ. சரியான நீளம்; அதையும் ஒருமுறை போய்ச் சோதித்துவிட்டு மதகுக்கே திரும்பிவிட்டேன்.

மார்கழிக் காலையில் லென்ஸை எடுத்தவுடன் படமெடுக்க முடியாது. குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே கொண்டுவந்தால் முன்கண்ணாடி நொடியில் வியர்த்துவிடும். அதன் பருமனுக்கு, வெளிக்காற்றின் சூட்டுக்கு வர இருபது நிமிடமாவது பிடிக்கிறது. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. துணியால் துடைக்கத் துடைக்க மறுபடி வியர்த்தது. பிறகு துடைப்பதை விட்டுவிட்டுச் சுவரில் உட்கார்ந்து காத்திருக்கப் பழகினேன். அந்த இருபது நிமிடத்தில் பறவைகளைக் கண்ணால் பார்க்க நேரிட்டது. கேமராவை வாங்கிய பிறகு நான் அதைச் செய்து வெகுநாளாகியிருந்தது.

பனி அடர்ந்திருக்கும்போது தானியங்கி ஃபோகஸ் தடுமாறுகிறது. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் வேறுபாடு உள்ள விளிம்பைத் தேடித்தான் அது பிடிக்கும்; பனியில் விளிம்பே கரைந்து கிடக்கும்போது மோட்டார் முன்னும் பின்னும் ஓடிக் களைக்கிறது. குறையைச் சொல்வதானால், வெயிலிலும்கூட இதன் ஃபோகஸ் வேகம் விலை உயர்ந்த லென்ஸ்களுக்கு ஈடில்லை. மீன்கொத்தி நீரில் பாயும் கணத்தை நான் இதுவரை ஒருமுறைகூடச் சரியாகப் பிடித்ததில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே 1.4 மடங்கு பெருக்கியைப் பொருத்தினால் துளை எஃப்/8 ஆகிவிடும்; அப்போது டி7200-இல் நடுப்புள்ளி ஒன்று மட்டுமே ஃபோகஸுக்கு உதவும். பனியில் அதை முயல்வது வீண். கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்வதே வழி.

அப்படி எடுத்த ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். கருவேல மரத்தின் பட்டுப்போன கிளையில் ஒரு பாம்புத்தாரா, முந்தைய மூழ்கலில் நனைந்த சிறகுகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. வெயிலே இல்லாத பனியில் எதை உலர்த்துகிறது என்று தோன்றியது. பின்னால் வானமும் நீரும் ஒரே சாம்பல் நிறம். கரை எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்ற கோடே இல்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இறகு எதுவும் தெளிவாக இல்லை. அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தேன். அன்றைக்கு எடுத்த இருநூற்றுச் சொச்சத்தில் கூர்மையானவை எழுபது தேறின. அந்த எழுபதில் ஒன்றும் இப்போது என் நினைவில் இல்லை. சுவரில் மாட்டியிருப்பது அந்தப் பாம்புத்தாராதான். கூர்மையை வைத்தே படங்களைப் பொறுக்கும் பழக்கம், பெரிய லென்ஸ் வாங்கியவர்களுக்கு வரும் ஒருவகை நோய். எனக்கு அது விட இரண்டு பருவம் பிடித்தது.

பின்பனிக்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்பகுதி லென்ஸ் கடையில் இருந்தது. திரும்பி வந்தபோது புங்கமரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விட்டிருந்தன.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படித்திருக்கிறோம். செங்கற்பட்டுப் பக்கம் அந்த ‘இளமை’ எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காலை ஒன்பதுக்கு மேல் எடுத்த படங்கள் அனைத்தும் சற்றே மழுங்கியிருந்தன. பழுதுபார்த்த கடையில் கண்ணாடிகளைச் சரியாகப் பொருத்தவில்லையோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் அந்தக் கோபத்திலேயே கழிந்தது. பிறகு அதே பனையை, அதே மதகிலிருந்து, காலை ஆறு மணிக்கும் நண்பகலிலும் எடுத்து ஒப்பிட்டேன். ஆறு மணிப் படத்தில் ஓலையின் நரம்பு தெரிந்தது. நண்பகல் படத்தில் ஓலையே நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்திருந்தது. கானல்தான் காரணம். காய்ந்த ஏரித்தரை சூடேறும்போது அதன்மேல் உள்ள காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு அடர்த்தி பெறுகிறது. ஒளி ஒவ்வோர் அடுக்கிலும் சற்றே வளைகிறது. அடுக்குகள் ஓயாமல் அசைகின்றன. பறவைக்கும் நமக்கும் இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு குலைவு. சாதாரண லென்ஸில் இது தெரியாது; 500 மி.மீ. இதையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டுகிறது. விஆர் இதற்கு உதவாது, விலை கூடிய லென்ஸும் உதவாது. விடியலில் போவது, இல்லையேல் நெருங்கிப் போவது, இரண்டே வழி. ‘என் லென்ஸ் மந்தமாக இருக்கிறது’ என்று கோடையில் குறைப்படும் பலர், தங்களுக்கும் பறவைக்கும் இடையிலுள்ள நூறு மீட்டர் வெப்பக்காற்றைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள். மார்கழியில் பனியாக நின்று பறவையை மறைத்ததும், சித்திரையில் கானலாக நெளிந்து கலைத்ததும் ஒரே காற்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது; ஓராண்டாக நான் எடுத்துக்கொண்டிருந்தவற்றில் பாதி அந்தக் காற்றின் படங்கள்.

முதுவேனிலில் ஆடிக்காற்று வந்தது. பக்க வெளிச்சத்தைத் தடுக்கும் நீண்ட ஹூடைப் பொருத்திய இந்த லென்ஸ் காற்றில் ஒரு பாய்மரம். விஆர்-இல் ‘ஸ்போர்ட்’ என்றொரு நிலை உண்டு. அதில் வைத்தால் வ்யூஃபைண்டரில் காட்சி துள்ளாமல் நிற்கிறது, காற்றடிக்கும் நாளில் பறக்கும் பறவையைத் தொடர அதுவே ஏற்றது. ஜூம் வளையத்தைப் பற்றிய என் வருத்தமும் அப்போதுதான் முற்றியது: 200-இலிருந்து 500-க்குப் போக ஒரே திருப்பு போதாது, கையை எடுத்து மறுபடி பிடித்துத் திருப்ப வேண்டும், அதற்குள் பறவை கரையைக் கடந்துவிடும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். துளையை மின்சாரத்தால் இயக்கும் லென்ஸ் இது என்பதால் டி90 போன்ற பழைய நிக்கான் கேமராக்களில் துளை கட்டுப்படாது. பழைய கேமராவுக்காக இதை வாங்கிவிட வேண்டாம். உள்ளே கண்ணாடி இல்லாத நிக்கான் மிரர்லெஸ் இசட் கேமரா வைத்திருப்பவர்கள் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவர்களுக்காகவே 2023-இல் 180-600 மி.மீ. லென்ஸ் வந்துவிட்டது, அது ஜூம் செய்யும்போது நீளாது, எடையும் சற்றுக் குறைவு. கையில் பணம் இருந்தால் அதுவே மேல். டி7200 போன்ற, கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரோடு நிறைவாக இருப்பவர்களுக்கு, பயன்படுத்திய 200-500 நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்முன் கைவிளக்கைப் பின்புறம் பிடித்துப் பூஞ்சை உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடியாடிப் படமெடுப்பவர்களுக்கும், பயணத்தில் இலேசான பை வேண்டுமென்பவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்தக் கரையில் ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி முதல் மாதமே என்னை விசாரித்துவிட்டார். “இன்னாப்பா, தெனம் கொழாயத் தூக்கிகினு வர்ற, கொக்கு சுடறியா?” என்றார். “இல்ல ஆயா, படம் புடிக்கிறேன்” என்றேன். “கொக்குக்கு இம்மாம் பெருசா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பதினொரு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. சென்ற ஆடிக் கடைசியில், அவருடைய ஆடுகளின் காலடியில் ஓர் உண்ணிக்கொக்கு பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, லென்ஸைப் பையின்மேல் சாய்த்து நிறுத்தி அவரைப் பார்க்கச் சொன்னேன். முக்காட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மறுகண்ணை வைத்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் அல்ல, கொக்கிடம் சொன்னார்: “அடியே, ஒனக்குக் கண்ணு மஞ்சளா?”